லோரி இல்லாத ஆயுத பூஜை

விஜயதசமி அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். அக்கா இல்லை, கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறாள், வார இறுதியில்தான் வருவாள். லோரியும் இல்லை. வீட்டு ஆள் கணக்கில் லோரியைச் சேர்ப்பது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து அப்பாவைத் தேடினால், "செம்பனை லோரி நிக்கும் பாருங்க, அந்த வீடு" என்றுதான் வழி சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் எங்கள் முகவரி.

லோரி எங்களுடையதல்ல, முதலாளியுடையது. தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொட்டும் குத்தகை அவரிடம் இருந்தது. வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாருக்கும் விருப்பமில்லை என்று அவர் குத்தகையை விட்டார், லோரிகளை விற்றார். அப்பாவுக்குக் கை குலுக்கல், ஓர் உறை, ஒரு கூடை ஆரஞ்சுப் பழம். வீட்டுக்கு முன்னால் லோரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. அம்மா அந்த இடத்தில் இரண்டு பூந்தொட்டி வைத்தார். மறுநாள் தொட்டிகள் சுவரோரமாக நகர்ந்திருந்தன.

"இடத்தை அடைக்காத," என்றார் அப்பா.

"எந்த வண்டி வந்து நிக்கப் போகுதாம்?" என்றார் அம்மா.

ஐம்பத்தைந்து வயது ஓட்டுநரை யாரும் அவசரமாகத் தேடுவதில்லை. விண்ணப்பம் கொடுத்த இடங்களில் எல்லாம் வயதைப் பார்த்ததும் "பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்கள். ஓர் இடம் மட்டும் உண்மையிலேயே கூப்பிட்டது. கெலாங் பாத்தா பக்கம் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றும் நிறுவனம். நேர்காணல் கணினியில். ஒரே இணையப் பக்கத்தில் முகம் பார்த்துப் பேசுவார்கள், சாலைக் குறியீடுகளைக் காட்டிக் கேள்வியும் கேட்பார்கள். காலை பதினொரு மணிக்கு அந்தப் பக்கத்தில் முகத்தோடு இல்லாதவர் வேலை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தது. கைப்பேசியில் திறந்து பார்த்தேன். கணினியில் திறக்கவும் என்று ஒரே வரி வந்தது.

எங்கள் வீட்டில் கணினி என்றால் நான்தான். அப்பா படித்தது ஆறாம் ஆண்டு வரை, அம்மா அதற்கும் குறைவு. அக்கா படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில் வாங்கிய மடிக்கணினியில்தான் நான் டிப்ளோமா முடித்தேன். படித்தது கிடங்கு நிர்வாகம். செடெனாக்கில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை. கணினியைப் பயன்படுத்தத் தெரியும், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த வித்தியாசத்தை வீட்டில் யாரிடமும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் படம் வராவிட்டாலும் அப்பா வேலிக்கு மேலாகக் குரல் கொடுப்பார்: "இருங்க, தம்பி வரட்டும். படிச்சவன் பார்த்துக்குவான்."

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பே சோதித்துவிட்டேன். அப்பாவைத் திரைமுன் உட்கார வைத்தேன். முகம் வந்தது. அப்பா இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"நான் இப்படியாடா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கீங்க," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "நாங்க தினம் பார்க்கிறோம்ல."

இடையில் ஆயுத பூஜை வந்தது. மற்ற வருடங்களில் அது லோரியின் நாள். அப்பா இரண்டு நாள் அதனடியிலேயே படுத்துக் கிடப்பார். கழுவி, மசகு வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். இந்த வருடம் நான் வேலை முடிந்து வந்தபோது பூஜை முடிந்திருந்தது. சாமி மேடைக்குக் கீழே விரித்த வாழையிலையில் அம்மாவின் அரிவாள்மனை, மாவு அரைக்கும் இயந்திரம், அப்பாவின் ஸ்பேனர்கள், ஓட்டுநர் உரிமம். நடுவில், லோரிச் சாவி இருக்க வேண்டிய இடத்தில், என் மடிக்கணினி. திறந்து வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, மின்கம்பி செருகி, திரை வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.

"இது எதுக்குப்பா?"

"லோரிதான் இல்லையே. நாளைக்கு வேலை இதுலதானே வரணும்? அதான், லோரிக்குச் செய்யறதை இதுக்குச் செஞ்சேன்."

"புள்ள வந்தா சிரிப்பான்னு சொன்னேன். கேட்டாத்தானே," என்றார் அம்மா.

நான் சிரிக்கவில்லை. லோரிக்குப் பூசும் அளவிலேயே சந்தனம் பூசியிருந்தார். மூடியில் மூன்று பட்டை, திரையின் நெற்றியில் ஒன்று, விசைப்பலகைக்குக் கீழே ஒன்று, சார்ஜருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

"ராத்திரி அணைக்காதடா. இன்னிக்கு யாரும் தொடக்கூடாது," என்றார்.

தொடவில்லை. இலையில் வைத்தபடியே விட்டுவிட்டுத் தூங்கினேன்.

விஜயதசமிக்கு விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் கணினியை எடுத்து மேசையில் வைத்தேன். கற்பூர வாசனை அடித்தது. விரல் வைக்கும் இடத்திலிருந்த பொட்டு மட்டும் அம்புக்குறியைத் துள்ள வைத்ததால் அதைச் சுரண்டி எடுத்தேன். மற்றதைத் தொடவில்லை. பூஜைப் பொட்டை நாமாகத் துடைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வண்டி ஓட ஓட அதுவாக உதிர வேண்டும்.

உலாவியைத் திறந்ததும் முகமே மாறியிருந்தது. மேலே இருந்த பொத்தான்கள் ஓரத்துக்குப் போயிருந்தன. 'புதிய பதிப்புக்கு மாறிவிட்டீர்கள்' என்று ஒரு பக்கம் வரவேற்றது. யாரும் தொடக்கூடாத நாளில், இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்த கணினி தானாக வேலை செய்து உலாவியை மாற்றி வைத்திருக்கிறது. நேர்காணல் பக்கத்துக்குப் போனால் கடவுச்சொல் கேட்டது. சேமித்து வைத்திருந்தது காணாமல் போயிருந்தது.

"ப்பா, பாஸ்வர்ட் என்ன வச்சோம்?"

"லோரி நம்பர்தான்," என்றார் அப்பா, யோசிக்காமல்.

உள்ளே போனேன். அப்பா அதற்குள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கீழே கைலியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வர வேண்டிய பெட்டியில், கேமரா தடுக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. இது எனக்குத் தெரிந்த நோய்தான். உலாவி புதிதானால் பழைய அனுமதிகளை மறந்துவிடும். முகவரிக்குப் பக்கத்திலிருந்த சிறிய குறியை அழுத்தி, ஒலிவாங்கிக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்தேன். அப்பா இருமினார், ஒலிக்கோடு எழுந்து ஆடியது. கேமராப் பெட்டி திறந்தது. உள்ளே கறுப்பு.

"சரியாயிடுச்சா?"

"குரல் வருது. முகம் வரல."

"நாந்தான் கறுப்பு, அதுக்காக இவ்வளவா?"

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியின் அமைப்புகளுக்குப் போய் அங்கேயும் கேமரா அனுமதி இருக்கிறதா பார்த்தேன். இருந்தது. அணைத்துப் போட்டேன். அந்தப் பழைய கணினி எழுந்து வருவதற்குள் அம்மா தோசை வார்த்து, அப்பா சட்டையில் சட்னி படாமல் சாப்பிட்டு முடித்தார். மறுபடி கறுப்பு. வேறொரு உலாவியில் திறந்தேன்; இந்த உலாவியில் இயங்காது என்று பக்கம் கைவிரித்தது. இணையத்தில் தேடினேன். புதிய பதிப்புக்கு மாறியபின் கேமரா கறுப்பாக வருவதாக உலகம் முழுக்க ஆட்கள் புலம்பியிருந்தார்கள். அதைப் படித்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. எல்லாருக்கும் வரும் நோய் என்றால் மருந்தும் இருக்கும். அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். சேமிப்பைக் காலி செய்தேன். எதையோ முடுக்கிவிடும் ஒரு வசதியை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். உலாவியையே அழித்து மறுபடி இறக்கினேன். லோரி எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்ததில் என் விரலுக்கே மனப்பாடமானது.

பெட்டி கறுப்பாகவே இருந்தது.

அக்காவுக்கு இடைவேளை. அவளே அழைத்தாள்.

"டேய், அப்பா ரெடியா?"

"அப்பா ரெடி. கேமராதான் வரல. ப்ரௌசர் அப்டேட் ஆயிடுச்சுக்கா."

"அலமாக்! இன்னிக்குப் போயா அப்டேட் பண்ணுவ?"

"நான் பண்ணல, அதுவா பண்ணிக்கிச்சு."

"கேமரா பக்கத்துல ஒரு சின்ன லைட் எரியுமே, எரியுதா?"

பார்த்தேன். "எரியல."

"அப்ப கேமரா செத்துப் போச்சுடா. நான் வாங்கி எத்தனை வருஷமாச்சு. போ, டவுன்ல ஒண்ணு வாங்கி மாட்டு. மணியைப் பாரு, போ."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. விளக்கும் எரியவில்லை, படமும் இல்லை. பட்டணத்தில் கணினிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. சட்டை கசங்கும் என்று சாய்ந்துகூட உட்காரவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லோரியிலயும் இப்படித்தான்டா. ஸ்டார்ட் ஆகலேன்னா, உள்ள ஆயிரம் இருக்கும். பதறினா ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

"இது லோரி இல்லப்பா."

"தெரியுது. லோரியா இருந்தா நானே இறங்கியிருப்பேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடம் எங்கள் மூவரையும் ஓட்டிக்கொண்டு போனவர் அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஓட்டுகிறவனுக்கு வழி தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அம்மா வாசலுக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"வந்துடுமாடா? இந்த மனுசன் நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்க்கிறாரு."

"வந்துடும்மா," என்றேன்.

கடைக்காரச் சீனப் பெரியவர் பத்தரை தாண்டித்தான் வந்து இரும்புக் கதவை மேலே தள்ளினார். மலாயில் விவரம் சொன்னேன். அப்டேட்டுக்குப் பிறகு பழைய கேமராக்கள் வேலை செய்யாமல் போவது உண்டுதான், இதைச் செருகினால் போதும், வேறெதுவும் போட வேண்டாம் என்று ஒரு சிறிய பெட்டியை எடுத்து நீட்டினார். விலை கேட்காமல் வாங்கினேன். பணம் கொடுக்கும்போதுதான் கேட்டேன். வரும் வழியில் விரைவுச்சாலைக்குப் போகும் கொள்கலன் லோரிகள் வரிசையாகச் சிவப்பு விளக்கில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் அப்பாவைவிட இளையவர்களாகத் தெரிந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றாகச் சில நிமிடங்களே இருந்தன. பக்கம் திறந்தபடி இருந்தது. பெட்டி கறுப்பாக இருந்தது. அப்பா அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அட்டைப் பெட்டியைப் பல்லால் கிழித்தேன். கேமராவின் அடியில் கவ்வி இருந்தது. அதைத் திரையின் மேல்விளிம்பில் நடுவாக வைத்து அழுத்தினேன். இறுக்கமாக இருந்ததால் இப்படியும் அப்படியும் ஆட்டி ஓரமாகத் தள்ளினேன். ஏதோ பொடிந்து விசைப்பலகையில் விழுந்தது. குனிந்து ஊதிவிட்டேன்.

"வந்துட்டேன்!" என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். திரையில் அப்பா. வெள்ளைச் சட்டை, வாரிய தலை, நெற்றியில் திருநீறு. ஓரமெல்லாம் மஞ்சளாகக் கலங்கிய அப்பா.

"புதுசுன்னா புதுசுதான்லா. என்னமா தெரியுது," என்றார் அம்மா எட்டிப் பார்த்து.

புதிய கேமராவின் கம்பி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை எங்கேயும் செருகியிருக்கவில்லை.

விளக்கம் சொல்ல நேரமில்லை. பக்கத்தில் இன்னொரு பெட்டி திறந்தது. தலைக்கு முக்காடு போட்ட மலாய்ப் பெண்மணி ஒருவர் சிரித்தபடி வணக்கம் சொன்னார். நான் சட்டென்று கவ்வியோடு புதிய கேமராவைக் கழற்றிக்கொண்டு படத்தில் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா எனக்குப் பக்கத்தில். எங்கள் இருவரையும் பார்க்காமல் அப்பா நேராகத் திரையைப் பார்த்தார்.

பேச்செல்லாம் மலாயில். பெயர், வயது, எத்தனை வருட அனுபவம். வயதைச் சொன்னபோது அந்த அம்மாள் முகம் மாறியதா என்று நான் உற்றுப் பார்த்தேன், தெரியவில்லை. பிறகு அவர் வயதில் மூத்தவரை அழைக்கும் மரியாதையோடு கேட்டார்:

"பாக்சிக், படம் மஞ்சளா இருக்கே. கேமரா அழுக்கா?"

அப்பா தலையைச் சாய்த்து, அப்போதுதான் பார்ப்பதுபோலக் கணினியின் மேல்விளிம்பைப் பார்த்தார். சுற்றி ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அழுக்கு இல்லை, புவான். நேத்து எங்க பூஜை. தொழில் செய்யற சாமானுக்குச் சந்தனம் வைப்போம். வருஷா வருஷம் லோரிக்கு வைப்பேன். இந்த வருஷம் லோரி இல்லை. அதனால கணினிக்கு வச்சேன். கேமரா அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என் பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"லோரிக்கு எப்படி வைப்பீங்க? சந்தனம் மட்டும்தானா?"

அதன்பிறகு அப்பா நான்கு நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லையும் பயன்படுத்தவில்லை. அழுக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாது, அது சாமிக்கு மரியாதையில்லை என்று தொடங்கினார். முதலில் அடியிலிருந்து கழுவ வேண்டும். பிறகு பிரேக் குழாய் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. சக்கர நட்டு எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். எண்ணெய் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபிறகுதான் சந்தனம். கைகள் மேசைக்கு மேலே எழுந்து, இல்லாத லோரியின் இல்லாத சக்கரங்களைத் திருகிக் காட்டின. அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார். இடையிடையே குனிந்து எழுதினார். பிறகு சாலைக் குறியீடுகள் வந்தன. ஒன்றில் அப்பா தவறினார். "தெரிஞ்சதுதானே அது," என்று அம்மா என் காதில் கடிந்தார்.

பெட்டிகள் மூடின. அப்பா சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

"கேமரா நல்லாத்தான் இருக்கு. எங்க குத்தின அதை?" என்றார் அம்மா.

கையிலிருந்த கம்பியைத் தூக்கிக் காட்டினேன். காலையிலிருந்து நடந்ததை முன்னும் பின்னுமாக எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்வதுபோல் சொன்னேன். அப்டேட் அனுமதியைத்தான் எடுத்துக்கொண்டது. அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சரிசெய்துவிட்டேன். மீதி நேரமெல்லாம் போராடியது சந்தனத்தோடு. அக்கா கேட்ட விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, பொட்டுக்கு அடியில்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல எல்லாரும் பொட்டை நெத்தியில வைப்பாங்க. இவரு கண்ணுல வச்சிருக்காரு."

"நெத்தியிலதான் வச்சேன்," என்றார் அப்பா. "அது கண்ணை நெத்தியில வச்சிருந்தா நான் என்ன பண்றது?"

"இவன் காலையில இருந்து அதையே பார்த்துக்கிட்டு இருக்கான். படிச்ச புள்ள."

"அவன என்ன சொல்ற? பொட்டு பொட்டாத்தானே தெரியும்."

மாலையில் அக்கா அழைத்துக் கேட்டு, பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்ததாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஓட்டிக் காட்ட வரச் சொல்லி அழைப்பு வந்தது. அப்பா, அக்காவின் அறையில் ஒரு நாள் தங்கிப் போய் ஓட்டிவிட்டு வந்தார். அதற்கடுத்து வேலைக் கடிதம் வந்தது. முதலில் ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்று இருந்தது. அந்த அம்மாள் என்ன எழுதினார், எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் கேட்டுக்கொள்ளவில்லை.

நிறுவனத்தின் லோரி நிறுவனத்தின் வளாகத்திலேயே நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை அப்பா சுவரோரம் இருந்த இரண்டு பூந்தொட்டிகளையும் அவரே தூக்கி வந்து எண்ணெய்க் கறையின் மேல் வைத்தார். அம்மா கதவருகில் நின்று பார்த்தார்.

புதிய கேமராவைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பெட்டியைப் பல்லால் கிழித்திருந்ததால் பெரியவர் வாங்க மறுத்தார். அது இப்போது சாமி மேடைப் பக்கத்து இழுப்பறையில், ஸ்பேனர்களோடு இருக்கிறது. செலவு என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டபோது கேமராவை மட்டும் சொன்னேன். சந்தனப் பொட்டலத்தையும் சேர், அதுவும்தானே வேலை செய்தது என்றார் அப்பா. கேமரா ஐம்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென், சந்தனம் இரண்டு ரிங்கிட் பத்து சென். ஆக மொத்தம் அறுபத்திரண்டு ரிங்கிட்.